வீட்டு முகட்டிலுள்ள எச்சங்களை இனங்காணலும் வௌவால்களை வருத்தாது வெளியேற்றலும்

காலபோக நெல்லை அறுத்துச் சூடடித்து, விதைநெல்லைச் சாக்குகளிற் கட்டி வீட்டினுள் அடுக்கிவைக்கும் மாசி, பங்குனி மாதங்களிலேதான் முகட்டைப் பற்றிய கவலை கமக்காரருக்கு உண்டாகின்றது. கொழும்புத்துறையிலும் அதனை அடுத்த அரியாலையிலும் கடனீரேரியை நோக்கி நிற்கும் பழைய ஓட்டு வீடொன்றை எண்ணிக்கொள்வோம். வீட்டுக்காரர் ஏணி வைத்துப் பரணில் ஏறுகின்றார். நெற்சாக்கின் மேலும் சீலிங் பலகையின் மேலும் கரிய சிறு மணிகள் சிதறிக் கிடக்கின்றன. எலி என்று முடிவு செய்து, மறுநாளே எலிமருந்து வாங்கி வைக்கின்றார். ஒரு வாரமாகியும் மருந்து வைத்தபடியே இருக்கின்றது; எச்சமோ நாளுக்கு நாள் பெருகுகின்றது. ஈற்றில் அம்மருந்தைத் தின்று மடிவது அயலவரின் பூனையாகவும் இருக்கலாம்.

இதற்கு மாறான தவறும் உண்டு. வேறொருவர், "வௌவால்தானே, கிடக்கட்டும்" என்று வாளாவிருந்துவிடுகின்றார். விதைப்புக்குச் சாக்கை இறக்கும்போதுதான் அடிப்பக்கம் முழுவதும் கோதாகிக் கிடப்பதைக் காண்கின்றார். முன்னவர் எலியல்லாததற்கு எலிமருந்து வைத்தார். பின்னவர் எலிக்கே இடங்கொடுத்தார். ஒருவருடைய பிழை நஞ்சை வீட்டினுள் கொணர்ந்தது. மற்றவருடைய பிழை விதைநெல்லை இழப்பித்தது. இருவரும் எச்சத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருப்பின் இவ்விழப்பு நேர்ந்திராது.

எலிக்கும் வௌவாலுக்கும் உள்ள வேறுபாடு பெயரளவினதன்று. எலி நெல்லைத் தின்பது. வீட்டு முகட்டில் தங்கும் சிறு வௌவால் நெல்லைத் தின்னும் பூச்சிகளைத் தின்பது. எலியை ஒழித்தல் வேண்டும். வௌவாலைக் கூடுமாயின் அதன் இடத்திலே விடுதலும், கூடாதாயின் உயிர்ச்சேதமின்றி வெளியே அனுப்புதலும் வேண்டும். ஆதலின் எதனைச் செய்வதற்கும் முன்னர் எச்சத்தை இனங்காணுதலே முதல் வேலையாகும்.

எச்சத்தை நசுக்கிப் பார்த்தல்

வெறுங்கையால் எந்த எச்சத்தையுந் தொடலாகாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஈர்க்கினால் நாலைந்து மணிகளை ஒரு வெள்ளைக் கடதாசியில் எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்தவற்றையே தெரிந்தெடுக்க. பின்னர் கடதாசியை மடித்து, மேலிருந்து ஒரு குச்சியால் மெல்ல அழுத்துக.

வௌவாலின் எச்சமாயின் அழுத்திய உடனே பொடியாகிவிடும். அப்பொடியை வெயிலிற் பிடித்துப் பார்த்தால் மினுமினுக்கும் சிறு துகள்கள் தோன்றும். அவை வண்டின் ஓடு, அந்துப்பூச்சியின் செதில், கொசுவின் கால் ஆகியவற்றின் சிதைவுகளேயன்றி வேறல்ல. எலியின் புழுக்கை அவ்வாறு உதிராது. காய்ந்தபின் கல்லுப்போல இறுகி நிற்கும். வலிந்து நசுக்கினாலும் மாவும் உமியும் நாருமாகவே பிளக்கும், மினுக்கம் இராது. இந்தச் சோதனை ஒன்றே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும்.

அளவை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். வீட்டெலியின் புழுக்கை ஏறக்குறைய அரை அங்குலம் நீண்டு, இரு நுனியும் கூராக இருக்கும். இதனை வௌவாலின் எச்சமென எவரும் எண்ணார். ஆனால் சுண்டெலியின் புழுக்கை கால் அங்குலத்துக்கும் குறைவானது. சிறு வௌவாலின் எச்சமும் அதே அளவினது, நிறமும் அதே கறுப்பு. இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிதல் கடினம். நசுக்கியே அறிதல் வேண்டும்.

கிடக்கும் இடமும் சான்று சொல்லும். எலி ஓடித் திரிந்துகொண்டே புழுக்கையிடும். ஆதலின் அது சுவரோரமாகவும் வளைகளின் மேலும் சாக்குகளின் இடுக்கிலும் பரவலாகக் கிடக்கும். வௌவால் தொங்குமிடம் ஒன்றே. ஆதலின் அதன் எச்சம் அவ்விடத்துக்கு நேர்கீழே குவியலாகச் சேரும். புகுவாயிலின் கீழேயுள்ள சுவரிலும் சில மணிகள் ஒட்டியிருக்கும். எலி போய்வரும் வழியில் வளைகளில் எண்ணெய்ப்பிசுக்குப் போன்ற கறை படியும். வௌவாலின் கறை துவாரத்தின் விளிம்பிலே மட்டும் பழுப்பாகக் காணப்படும். மரத்தையோ மின்கம்பியையோ சாக்கையோ கடித்திருந்தால் அது எலியின் வேலையே. வௌவால் கொறிப்பதுமில்லை, வைக்கோலோ தும்போ கொணர்ந்து கூடு கட்டுவதுமில்லை. நெற்கோது கிடந்தால் வேறு விசாரணை வேண்டியதில்லை.

முகட்டில் வேறு சில எச்சங்களும் உண்டு. ஒரு நுனியில் வெள்ளைப் பொட்டு ஒட்டியிருந்தால் அது பல்லியுடையது. பல்லியும் பூச்சியுண்பதாதலின் அதன் எச்சமும் பொடியாகலாம். அந்த வெள்ளைப் பொட்டே அடையாளம். ஈரமாகவும் முறுகியும் கடுநாற்றத்தோடு சுவர் மூலைகளிற் கிடப்பது மூஞ்சூறு இடுவது. விரலளவு தடித்து, பழவிதைகளும் இறகும் கலந்து, ஓட்டின் மேலோ பரணின் ஒரே மூலையிலோ கிடப்பது மரநாயினது. கோழி வளர்ப்போர் இதனைக் கவனித்தல் நன்று. மயிரும் சிற்றெலும்பும் சேர்த்துத் திரட்டிய சாம்பல்நிற உருண்டை எச்சமன்று. கூகை எலியை விழுங்கிச் செரியாததைக் கக்கியது. அவ்வுருண்டையைக் கண்டவர் மகிழ்ச்சியடையலாம், சம்பளமில்லாத எலிக்காவலாளி ஒன்று அவர் வீட்டிற் குடியிருக்கின்றது. மரத்தின் கீழே ரவையைப் போல ஒரே அளவான மணிகள் குவிந்திருந்தால் அது எந்த விலங்கினதுமன்று. மரத்தினுள் இருக்கும் உலர்மரக் கறையானின் கழிவு. அதற்குத் தச்சரையே அழைக்க வேண்டும்.

வௌவால்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பழம் உண்ணும் வௌவால் தங்குமிடத்தின் கீழ் மணியான எச்சம் இராது. சுவரில் தெறித்த கறையும், மென்று துப்பிய சக்கையும், விதைகளும் கிடக்கும். இவை பெரும்பாலும் பனையோலைகளின் கீழும் மரங்களிலுமே தங்குவன. திறந்த விறாந்தையிற் சில வேளை இரவில் தொங்கிப் பழத்தைத் தின்னும். ஆளில்லாத வீட்டின் இருண்ட அறையில் பூச்சிகளின் இறகுகளும் பல்லியின் வாலும் தவளைக் காலும் சிதறிக்கிடந்தால் அங்கே ஊனுண்ணும் பெரிய காதுடைய வௌவால் தங்குகின்றது என அறிக. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் மக்கள் இடம்பெயர்ந்தபின் நீண்டகாலம் பூட்டிக்கிடந்த வீடுகளைத் திரும்பிவந்து திறந்தோர் பலவகை எச்சங்களைக் கண்டிருப்பர். அவர்க்கு இது புதிதாயிராது.

வயலில் வௌவால் செய்யும் வேலை

இலங்கையில் ஏறக்குறைய 30 வகை வௌவால்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை பூச்சியுண்பவை. நம் வீட்டோடுகளின் கீழ்த் தங்கும் சிறு வௌவால் ஐந்து கிராம் நிறைகூட இராது, தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். எனினும் அது ஓரிரவில் தன் நிறையின் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை பூச்சிகளை உண்ணும். பாலூட்டும் காலத்தில் இன்னும் மிகுதியாக உண்ணும். அது உண்பவை யாவும் இரவில் பறப்பவை. நெல்லின் தண்டு துளைப்பானும் இலைச்சுருட்டியும் அந்துப்பூச்சியாக இரவிலேதான் பறந்து முட்டையிடுகின்றன. கத்தரிக்காய் துளைப்பானும், வெங்காயத்தையும் மிளகாயையும் அழிக்கும் புழுக்களின் தாய்ப்பூச்சிகளும் அவ்வாறே. பகலில் நாம் இலையைப் புரட்டிப் புழுவைத் தேடுகின்றோம். வௌவாலோ அப்புழு பிறவாமுன்னரே தாயைப் பிடித்துவிடுகின்றது.

இது வெறும் புகழ்ச்சியன்று. தாய்லாந்தில் ஒருவகைக் குகை வௌவால் நெல்லின் வெண்முதுகுத் தத்தியை உண்பதை ஆராய்ந்தோர், அதனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 தொன் அரிசி காக்கப்படுகின்றதென 2014ஆம் ஆண்டில் கணித்து வெளியிட்டனர். ஏறத்தாழ 26,000 பேருக்கு ஓராண்டு உணவாகும் அளவு அது. ஸ்பெயின் நாட்டின் எப்ரோ ஆற்றுக் கழிமுக வயல்களிலே மரப்பெட்டிகளைத் தொங்கவிட்டுச் சிறு வௌவால்களைக் குடியேற்றினர். அங்கே நெற்றண்டு துளைப்பானின் தாக்கம் தணிந்ததை ஆய்வாளர் 2015இல் எழுதினர். மடகாசுகரிலும் வயலோர வௌவால்கள் நெற்பயிரின் புழுப்பூச்சிகளை உண்பது எச்சத்தை ஆராய்ந்தே கண்டறியப்பட்டது. வௌவால் இருந்தால் மருந்து வேண்டாம் என்று இங்கே சொல்லவில்லை. கபில நிறத் தத்தி பெருகிவிட்ட வயலை வௌவால் காப்பாற்றாது. ஆனால் பெருகுமுன் குறைப்பதில் அதற்குப் பங்குண்டு. அப்பங்கிற்கு அது நம்மிடம் கூலி கேட்பதில்லை.

வேறொன்றையுங் கருதுக. எலி மூன்று வாரத்திற் சினை முதிர்ந்து, ஒரு முறைக்கு ஆறு முதல் ஒன்பது குட்டி ஈனும். ஆண்டிற் பலமுறை ஈனும். வௌவால் ஒரு முறைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு குட்டிகளையே ஈனும். ஆகவே எலியைப் பாதி கொன்றாலும் மீண்டும் பெருகிவிடும். வௌவாற் கூட்டத்தைப் பாதி கொன்றால் பல ஆண்டுகளுக்கு அவ்விடம் வெறுமையாகும். போர்க்காலத்தில் காவலரண்களுக்கெனப் பெருந்தொகைப் பனைகள் தறிக்கப்பட்டன. காய்ந்த ஓலைகளுக்கிடையில் தங்கிவந்த வௌவால்களுக்கு அவ்வளவுக்கு உறைவிடம் குறைந்தது என்பதையும் நினைவிற்கொள்ளுதல் தகும்.

வெளியேற்றத்தான் வேண்டுமா?

ஓட்டு வீட்டில் ஒவ்வோர் ஓட்டின் இடுக்கும் வௌவாலுக்கு ஒரு கதவு. அரை அங்குல இடைவெளி அதற்குப் போதும். எல்லா இடுக்குகளையும் அடைத்தல் இயலாது. இயன்றாலும் முகட்டுக்குக் காற்றோட்டமின்றி மரம் உக்கிவிடும். ஆதலின் முழுக்கூரையையும் வௌவாலற்றதாக்க முயல்வதிலும், வௌவாலை முகட்டில் விட்டு, நெல்லையும் மனிதரையும் அதனின்று பிரித்துவைப்பதே பல வீடுகளுக்கு உகந்த வழியென்பது எமது கருத்து. சீலிங் பலகைகளின் இடுக்குகளையும் மின்விளக்குத் துவாரங்களையும் அடைத்துவிட்டால் வௌவால் அறைக்குள் இறங்காது. தொங்குமிடத்தின் கீழே ஒரு படங்கை விரித்துக் கட்டினால் எச்சம் அதில் விழும். மாதமொருமுறை இறக்கிக் கொட்டலாம். நெற்சாக்குகளை அவ்விடத்தினின்று வேறறைக்கு மாற்றுதல் அதனினும் எளிது.

ஆயினும் சில வீடுகளில் வெளியேற்றியே ஆகவேண்டும். சீலிங் இல்லாத அறையில் கட்டிலுக்கு மேலே கூட்டம் தங்கினாலும், கிணற்றுக்கு மேலுள்ள கூரையிலோ குசினியிலோ தங்கினாலும், நெற்களஞ்சியத்தை வேறிடத்துக்கு மாற்ற வழியில்லாவிடினும், வீட்டில் நுரையீரல் நோயுள்ளவர் இருந்தாலும் தாமதித்தல் கூடாது.

செய்யலாகாதவை முதலிற் கூறப்படும். எலிமருந்தினால் பயனில்லை, பறக்கும் பூச்சியையன்றி வேறெதையும் உண்ணாத விலங்கு அதனைத் தொடாது. ஒட்டும் பசை தடவிய அட்டை மிகக் கொடியது. புகையூட்டினால் பறக்கவியலாத குட்டிகள் மூச்சடைத்துச் சாகும். கிடுகு வேய்ந்த வீடாயின் தீயும் பற்றும். பூச்சியுருண்டைகளைக் கடகக் கணக்கில் கொட்டுவோர் உளர். வௌவால் போவதற்கு முன் அவ்வாவியால் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவலியும் வாந்தியும் உண்டாகும். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிநாசினியை முகட்டில் விசிறுவது இவையெல்லாவற்றிலும் கேடானது. அது மரத்திலும் ஓட்டிலும் படிந்து, கீழே உறங்குவோர் மேலும் நெல்லின் மேலும் மாதக்கணக்காக உதிரும். காதுக்குக் கேளாத ஒலியெழுப்பி விரட்டும் என விற்கப்படும் மின்கருவிகளைப் பற்றிச் சொல்வதானால், அப்பணத்துக்கு ஒரு மூட்டை சீமெந்து வாங்குதல் மேல்.

பகலிலே துவாரத்தைப் பூசி மூடிவிடுவதும் பலர் செய்யும் பிழை. உள்ளே அகப்பட்டவை சில நாளில் இறந்து நாறும். சாகாதவை வழி தேடி அறைகளுக்குள் விழும்.

மாலைநேரக் காவல்

முதலில் வாயிலைக் கண்டுபிடித்தல் வேண்டும். மழையில்லாத மாலையொன்றில், பொழுதுபடும் வேளைக்குச் சற்று முன்பாக இருவர் வீட்டின் எதிரெதிர் மூலைகளில் அமர்க. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு கூரையின் விளிம்பைப் பார்க்கத்தக்கதாக அமர்தல் முக்கியம். பொழுதுபட்டு அரைமணி நேரத்துள் முதல் வௌவால் வெளிவரும். புறப்படுமுன் உள்ளே கீச்சொலி மிகும். அவ்வொலி கேட்கும் பக்கத்தைக் கவனிக்க. எந்த இடுக்கினின்று எத்தனை வெளிவந்தன என எண்ணிக் குறித்துக்கொள்க. மூன்று மாலை இவ்வாறு செய்தால் பெரும்பாலான வீடுகளில், முகட்டில் நூறு இடுக்கிருந்தும், கூட்டம் முழுவதும் ஓரிரு வாயிலையே பயன்படுத்துவது தெரியவரும். முகட்டோட்டின் நுனி, சுவர்த்தலைக்கும் ஓட்டுக்கும் இடையிலான வெளி, உடைந்த பீலியின் பின்பக்கம் ஆகியவையே வழக்கமான வாயில்கள். இந்தக் காவலில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர்களைவிட அவர்களே சரியாக எண்ணுவர்.

அடுத்ததாகக் குட்டிகள் உளவோ என்று பார்த்தல் வேண்டும். நம் வீட்டு வௌவால்களின் பல இனங்கள் வேறுவேறு காலத்தில், சில ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலும் ஈனுவதால், மாதத்தை மட்டும் பார்த்து நாட்குறித்தல் பொருந்தாது. தாய்கள் வெளியே சென்றபின், முகக்கவசம் அணிந்து, மின்சூழுக்குச் சிவப்புக் கடதாசி சுற்றி, ஏணியிலேறிப் பார்க்க. மயிரற்ற இளஞ்சிவப்புக் குட்டிகளோ, பறக்காது வளையைப் பற்றிக்கிடக்கும் சாம்பல்நிறக் குட்டிகளோ தென்பட்டால் ஓசையின்றி இறங்கிவிடுக. ஏறக்குறைய ஆறு வாரம் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். அதற்குள் அவையும் தாமே பறக்கப் பழகிவிடும். தாயை மட்டும் வெளியே தள்ளிக் கதவை மூடினால் குட்டிகள் பட்டினியால் இறப்பதோடு, தாய்கள் எவ்வழியாயினும் உள்ளே நுழைய முயன்று வீட்டினரை வருத்தும். கார்த்திகை, மார்கழி மாதத்து அடைமழையிலும் இவ்வேலையைத் தொடங்கலாகாது; மழையிரவில் அவை வெளியே போகாமலும் இருக்கும்.

ஒருவழிக் கதவு

குட்டிகள் இல்லையென உறுதியானபின், வௌவால் பயன்படுத்தாத மற்றை இடுக்குகளை முதலில் அடைக்க. சுவர்த்தலையிலுள்ள வெளியைச் சுண்ணாம்புச் சாந்தாலோ கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையாலோ மூடலாம். காற்று வேண்டிய இடங்களுக்குக் கம்பிவலையே தக்கது. ஓட்டிடுக்குகளில் தென்னந்தும்பைத் திணிப்பது மலிவான முறை. வௌவால் அதனைக் கடிக்காது. ஆனால் எலியுமுள்ள வீட்டில் தும்பு நில்லாது என்பதை மறவாதிருக்க.

பெருவாயிலை மட்டும் மூடாது, அதன் மேல் வலையொன்றைத் தொங்கவிடுதல் வேண்டும். நாற்றுமேடைக்கு நிழலாகக் கட்டும் வலைத்துண்டு இதற்குப் போதும். கொழும்புத்துறையில் மீன்வலைக்குப் பஞ்சமில்லை. எனினும் அதன் கண் பெரிதாதலின் வௌவால் சிக்கி இறக்கும், அதனைப் பயன்படுத்தலாகாது. வலையின் மேல்விளிம்பையும் இரு பக்கங்களையும் சுவரோடு அறைந்து, கீழ்விளிம்பைத் திறந்துவிடுக. வலை வாயிலுக்குக் கீழே இரண்டடியாயினும் தொங்குதல் வேண்டும்; சுவரோடு இறுக ஒட்டாது, உள்ளங்கை நுழையும் அளவு தளர்ந்து நிற்றல் வேண்டும். வெளியே வரும் வௌவால் சுவரைப் பற்றிக் கீழே ஊர்ந்து, திறந்த அடிவழியாகப் பறந்துவிடும். திரும்பி வரும்போதோ முன்போல நேரே வாயிலை நோக்கியே வரும்; வலை தடுக்கும். கீழே சென்று மேலே ஊரவேண்டும் என்பது அதற்குத் தோன்றாது.

வாயில் சிறு துளையாயின் வலைக்குப் பதிலாக, இரண்டங்குல விட்டமும் பத்தங்குல நீளமுமுள்ள பிளாத்திக்குக் குழாயைச் செருகி, வெளிநுனியில் மெல்லிய பொலித்தீன் உறையொன்றை அடி திறந்தவாறு கட்டிவிடலாம். உள்ளிருந்து வழுக்கி வெளியேறும். வெளியிலிருந்து உறை மடிந்து வழியை மூடிவிடும்.

முதல் இரவு வீட்டைச் சுற்றி வௌவால்கள் வட்டமிடும். அதற்காக வலையை அகற்றலாகாது. ஒரு வாரம் வலை அப்படியே இருக்கட்டும்; எல்லாம் ஒரே இரவில் வெளியேறா. எவையும் வெளிவராத இரு மாலைகளைக் கண்டபின், வலையை எடுத்து வாயிலை நிலையாகப் பூசி மூடுக.

வெளியேறியவை எங்கே போகும் என்ற கேள்வி எழும். அயலிலுள்ள வேறு முகட்டுக்கோ பனைக்கோ போகலாம். வயலோரத்திலே அவற்றை நிறுத்திக்கொள்ள விரும்புவோர் வலை கட்டுவதற்குச் சில வாரம் முன்பே பெட்டியொன்றைத் தொங்கவிடலாம். சீவாத பனம்பலகை இரண்டை முக்கால் அங்குல இடைவெளி விட்டுச் சேர்த்து, மேலும் பக்கமும் மூடி, அடியைத் திறந்துவிட்டால் அதுவே வௌவாற் பெட்டி. உட்பக்கம் சொரசொரப்பாயிருத்தல் அவசியம், இல்லையேல் பற்றமாட்டாது. வர்ணம் பூசலாகாது. நிலத்தினின்று 12 அடிக்கு மேலே, உச்சி வெயில் நேரே படாத பக்கத்திற் கட்டுக. நம் வெயிலில் மறைப்பில்லாத பெட்டி அடுப்பாகிவிடும். முதலாண்டில் எதுவும் வராதுபோகலாம்; பொறுத்திருக்க வேண்டும்.

எச்சத்தை அகற்றலும் எருவாக்கலும்

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தாற் கூட்டுதல் ஆபத்தானது. நெடுநாட் குவிந்த வௌவால் எச்சத்தில் ஒருவகைப் பூஞ்சணம் வளரலாம்; அதன் வித்திகள் தூசியோடு மூச்சிற் புகுந்து நுரையீரலைத் தாக்கும். எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலுக்குக் காரணமாவது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அக்காய்ச்சல் பரவிச் சிலர் உயிரிழந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். எனவே எவ்வகை எச்சமாயினும், என்-95 முகக்கவசமும் இறப்பர்க் கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து, சன்னல்களைத் திறந்து, மின்னிணைப்பை நிறுத்திவிட்டு, சவர்க்காரத் தண்ணீரைப் பூப்போலத் தெளித்து, நன்றாக நனைந்தபின் அள்ளுதல் வேண்டும். மேலே வௌவால் தங்கியிருக்கும்போது இதனைச் செய்யலாகாது.

வௌவால் எச்சம் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிக்க எருவாகும். ஆனால் பச்சையாக மிளகாய்க் கன்றின் அடியிலோ கத்தரி நாற்றிலோ இட்டால் வேர் கருகும். குழையும் பனையோலையும் தாழ்த்துப் பழகிய கமக்காரருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை: குழியில் மாட்டெரு, சருகு, பூவரசங்குழை ஆகியவற்றோடு அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் குன்றாது மூடி, மூன்று மாதம் மக்கவிட்டு எடுக்க. கீரை போன்று உடன் பறித்துண்ணும் பயிருக்கு இதனை இடாது, மரக்கறிப் பயிர்களுக்கு நடுகைக்கு முன் மண்ணோடு கலத்தலே நன்று. எலிப்புழுக்கை கலந்த குவியலை எருக்குழிக்குக் கொண்டுபோகாது ஆழப் புதைத்துவிடுக.

எச்சம் விழுந்த நெல்லை முற்றத்திற் காற்றுவாக்கில் தூற்றி, கழுவிப் புழுக்கியபின் குற்றலாம். எலி புகுந்து நனைத்த சாக்கை மட்டும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. எலியுள்ள வீட்டில் வலையும் குழாயும் உதவா. களஞ்சியக் கால்களுக்குத் தகரக் கூம்பு மாட்டுதல், கூரையைத் தொடும் கிளைகளைத் தறித்தல், சுவரோரமாகப் பொறி வைத்தல் ஆகியவை பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிக.

வௌவால் கடித்தால்

வௌவால் தலைமயிரிற் சிக்கும், கண் தெரியாது என்பன வீண்பேச்சு. கண்ணுந் தெரியும், தன் குரலின் எதிரொலியைக் கேட்டு, இருட்டில் நூலளவு கம்பியையும் விலகிப் பறக்கும். எனினும் அதனை வெறுங்கையாற் பிடித்தல் கூடாது. நம் கமத்தொழில் ஆராய்ச்சி நிலையங்கள் அமைந்த கன்னொறுவையின் பெயராலேயே, விசர்நாய்க்கடி நோய்க்கிருமியின் உறவான ஒரு வைரசு வழங்கப்படுகின்றது. இலங்கையின் பெரிய பழந்தின்னி வௌவால்களிற் கண்டறியப்பட்ட அதனைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. இலங்கையில் விசர்நோய் பெரும்பாலும் நாயாலேயே பரவுகின்றது. ஆயினும் கடித்தது வௌவாலென்றால் அலட்சியம் செய்யலாகாது. கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. அதன் பல் மிகச் சிறியதாதலின் காயம் தெரியாமலும் இருக்கும். உறங்கும் குழந்தையின் அறையில் வௌவாலைக் கண்டால், கடி தென்படாவிடினும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். வௌவாலோ அணிலோ கடித்து விழுந்த மாம்பழத்தையும் கொய்யாவையும் உண்ணலாகாது.

அறைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் துடைப்பத்தை எடுக்க வேண்டியதில்லை. மின்விசிறியை உடனே நிறுத்துக. உட்கதவைச் சாத்தி, விளக்கணைத்து, வெளிச் சன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு விலகி நிற்க. சிறிது நேரத்தில் அது தானே வழி கண்டு போய்விடும். தரையில் விழுந்து கிடப்பதாயின், ஒரு பேணியைக் கவிழ்த்து, அடியில் மட்டையைச் செருகி எடுத்து, பொழுதுபட்டபின் வேம்பின் அடிமரத்திலோ வேலிக் கதியாலிலோ ஓராள் உயரத்திற் பற்றவிடுக. நிலத்தினின்று எழும்பிப் பறப்பது அதற்கு அரிது. உயரத்தினின்று விழுந்தே பறக்கும்.

மூடிய வாயில்களை ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில், விதைப்பு வேலைகள் தொடங்குமுன், ஒருமுறை ஏறிப் பார்த்துக்கொள்க. சோளகக் காற்றில் ஓடு நகர்ந்திருக்கலாம், சாந்து வெடித்திருக்கலாம். புதிதாக எச்சம் கிடந்தால், மருந்துக் கடைக்குப் புறப்படுமுன், ஈர்க்கையும் கடதாசியையும் எடுக்க.